எங்கள் வீட்டுச் சேவல்

சங்கத்து அன்பர்கள் பெஹாலாவில் உள்ள எங்கள் இல்லத்திற்கு வரும்போது, காலணியைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு வினாவை எழுப்புவது வழக்கம். "உங்கள் வீட்டுச் சேவல் கொத்துமா?" என்பதே அவ்வினா. கொத்தாது என்று நாங்கள் சொன்னால் நம்புவார் சிலர். நம்பாமல் குடையை முன்னே நீட்டிக்கொண்டு வருவார் பலர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. சேவல் என்றாலே சண்டை என்று எண்ணும் மரபில் வந்தவர்கள் நாம். ஆகவே, சண்டையிடாத ஒரு சேவலைப் பற்றியும், அதன் நற்குணம் ஓர் இக்கட்டான காலத்தில் எங்களுக்கு எவ்வாறு துணை நின்றது என்பதைப் பற்றியும் இம்மாத இதழில் எழுத விழைகின்றோம்.

எங்கள் முன்னோர் ஊர் திருச்சிராப்பள்ளியை அடுத்த உறையூர். சோழர் தலைநகராய் விளங்கிய அவ்வூருக்குப் பண்டை நூல்களில் 'கோழி' என்றே ஒரு பெயருண்டு. யானையொன்றைக் கோழி எதிர்த்துப் பொருது வென்ற இடம் என்பது அப்பெயருக்குச் சொல்லப்படும் கதை. முருகப்பெருமானின் கொடியிலும் சேவல் நிற்கிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சண்டையிட்ட சேவல் ஒன்றிற்கு ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் நடுகல்லே எடுத்திருக்கிறார்கள். வீரச் சேவலுக்குக் கொடியும் கல்லும் உண்டு. சாதுவான சேவலைப் பாடுவார்தாம் இல்லை.

1964ஆம் ஆண்டில் எங்கள் பாட்டனார் கார்டன் ரீச்சில் உள்ள இரயில்வே அலுவலகத்தில் பணியேற்று அந்நாளைய கல்கத்தாவுக்கு வந்தார். உடன் வந்த எங்கள் அப்பாயிக்கு இந்நகரில் மொழி தெரியாது, தெரு தெரியாது. கைவந்த தொழில் ஒன்றே அவருக்குத் தெரிந்திருந்தது; அது கோழி வளர்ப்பு. 1972இல் பெஹாலாவில் கொல்லையுடன் கூடிய சிறு வீடு அமைந்ததும், மூங்கிலால் ஒரு கூடும் பனையோலையால் ஒரு பஞ்சாரமும் செய்வித்துக்கொண்டார். மழைக்காலத்தில் இப்பகுதியில் நீர் தேங்கும் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். ஆதலின் கூட்டைத் தரையில் வையாமல் செங்கல் அடுக்கி இடுப்பளவு உயரத்தில் அமைத்தார்.

அக்காலத்தில் வங்காள இந்துக் குடும்பங்கள் பலவற்றில் கோழி சமையலறைக்குள் நுழைந்ததில்லை. உண்பவர்கள் வாத்து முட்டையையே உண்டனர். கோழியின் பெயரை வீட்டில் சொல்லக் கூசி 'ராம்பாகி' என்று வேடிக்கையாய்க் குறிப்பிடுவாரும் இருந்தனர். அத்தகைய தெருவில் ஒரு மதராஸிக் குடும்பம் கோழி வளர்ப்பதை அண்டை அயலார் புன்னகையோடு பொறுத்துக்கொண்டார்கள் என்றே சொல்லவேண்டும். லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து மாதம் ஒருமுறை அப்பாயியைக் காண வரும் மாமி ஒருவர் முட்டையைக் கையாலும் தொடமாட்டார். ஆயினும் அரிசி புடைத்த குருணையைக் கோழிகளுக்கென்று துணிப்பையில் முடிந்து கொண்டுவரத் தவறமாட்டார்.

அந்தப் பொறுமைக்கு ஒருமுறை நாங்களே பழுது விளைவித்தோம். 2001ஆம் ஆண்டில், பார்வைக்கு மிடுக்காய் இருக்கிறதென்று சண்டைச் சேவலின் கலப்புள்ள சேவலொன்றைச் சந்தையில் வாங்கிவந்தோம். நெடிய கழுத்து, கனத்த கால், இரு விரற்கடை நீண்ட முள். வந்த மூன்றாம் மாதத்திலேயே தபால்காரர் எங்கள் வாயிலை மிதிக்க மறுத்தார். ஒருநாள் வேலியிடுக்கில் நுழைந்து வந்த எதிர்வீட்டுச் சிறுவன்மேல் அச்சேவல் பாய்ந்தது. கண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே கீறல் விழுந்தது. ஓர் அங்குலம் மேலே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் எங்களால் எண்ண இயலவில்லை. சிறுவனின் பாட்டனார் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர். தெருவார் அனைவரும் 'மாஸ்டர் மஷாய்' என்று மரியாதையாய் அழைப்பவர். அவர் எங்களை ஏசவில்லை. ஆனால் அதன்பின் ஓராண்டு எங்களோடு பேசவும் இல்லை. ஏசியிருந்தால் எங்களுக்குச் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும்.

சேவலை அன்றே அகற்றினோம். சேவல் இல்லாமலும் பெட்டைகள் முட்டையிடும் என்பது அறிந்ததே. குஞ்சு பொரிக்க மட்டுமே சேவல் தேவை. எனவே மூன்றாண்டுக் காலம் பெட்டைகளோடு நிறுத்திக்கொண்டோம். ஆயினும் காவலில்லாக் கூட்டத்தைக் காகமும் கீரியும் எளிதில் கண்டுகொண்டன. "ஆம்பிளை இல்லாத வீடாப் போச்சு" என்று அப்பாயி முணுமுணுப்பார்.

2004ஆம் ஆண்டு மாசி மாதத்தில், கரக்பூரில் உள்ள உறவினர் வீட்டிலிருந்து தவிடு நிரப்பிய தகர டப்பாவில் 11 முட்டைகளைப் புறநகர் இரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். அவர்கள் வீட்டுச் சேவல் நான்கு தலைமுறையாய் எவரையும் கொத்தாத வழியில் வந்தது என்பதைக் கேட்டறிந்த பின்னரே முட்டை வாங்க அப்பாயி இசைந்தார். அடைக்கோழியின் கீழ் வைத்த முட்டைகளில் 7 குஞ்சுகள் இருபத்தோராம் நாள் வெளிவந்தன. அவற்றுள் மஞ்சட்காலும் செம்பொன் கழுத்துமாய் வளர்ந்த ஒன்றே எங்கள் குமரன்.

முருகன் பெயரைக் குழந்தைகள் அவனுக்கு இட்டார்கள். அதற்கும் ஒரு காரணம் உண்டு. துர்க்கா பூசைப் பந்தலில் அன்னையின் அருகே மயிலோடு கார்த்திக் நிற்பதைக் கண்ட எங்கள் சிறுமி, "நம்ம முருகன்தானே? சேவற்கொடி எங்கே?" என்று கேட்டாள். வங்காளத்துக் கார்த்திக்குக்கு மயில் உண்டு, சேவற்கொடி கிடையாது. "கொடி நம் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது" என்று அப்பாயி விடையிறுத்தார். அன்று முதல் சேவல் குமரனாயிற்று.

குமரனின் நற்குணம் இரண்டு வேர்களை உடையது என்பது எங்கள் துணிபு. ஒன்று பிறப்பு, மற்றொன்று பழக்கம். முன்னைய சேவலிடம் நாங்கள் செய்த பிழைகளை அவனிடம் செய்யவில்லை. குஞ்சாய் இருக்கையில் காலை நீட்டி விளையாட்டுச் சண்டை காட்டுவதைக் குழந்தைகளுக்குத் தடுத்தோம். அன்று விளையாட்டாய்க் கற்பதையே நாளை அது வினையாய்ச் செய்யும். பருவம் எய்திய புதிதில் ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடந்து அவன் எங்களைச் சோதித்தபோது, உதைக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. அப்பாயி அவனை அமைதியாய்த் தூக்கி இடுக்கிக்கொண்டு கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார். நான்கைந்து நாள் இவ்வாறு நடந்தபின் அச்சோதனை நின்றது. எட்டுப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்ற அளவையும் மீறவில்லை. பெட்டைகள் குறைந்தால் அவை இன்னலுறும். சேவல்கள் மிகுந்தால் தம்முள் பொருது மாயும்.

நற்குணம் என்பதால் கோழை என்று எவரும் கருதவேண்டா. இரை கண்டால் கொக்கைத் தாழ்த்தி எடுத்தும் விடுத்தும், 'டுக் டுக்' என்று மெல்ல ஒலித்துப் பெட்டைகளை அழைப்பான். அவை வந்து உண்ட பின்னரே அவனுக்குப் பசி நினைவு வரும். வானில் பருந்து வட்டமிட்டால் நீண்ட மெல்லொலி ஒன்று எழுப்புவான். பெட்டைகள் செடியடியில் பதுங்கும். தரையில் கீரி தென்பட்டால் 'கெக் கெக்' என்று விட்டுவிட்டு உரத்த ஒலி; அவை தலையுயர்த்தி நிற்கும். வானத்துப் பகைக்கு ஓரொலி, நிலத்துப் பகைக்கு வேறொலி என்று சேவல் பிரித்துக் கூறுவதை விலங்கு நடத்தை நூலோரும் ஆய்ந்து கண்டிருக்கின்றனர். கீரியை அவன் இருமுறை எதிர்த்து விரட்டினான். மனிதரிடம் மட்டும் பகை பாராட்டவில்லை.

ஆயினும் ஒரு குறை இருந்தது. அவன் கூவுவான். வங்காளத்தில் கதிரவன் முந்தி எழுவான்; ஜூன் மாதத்தில் இங்கே 5 மணிக்கு முன்பே விடியும்; திருச்சிராப்பள்ளியிலோ 6 மணியை நெருங்கும். சேவலோ விடியலுக்கும் முன்னரே கூவுவது. ஒளியைக் கண்டு கூவுவதன்று; உடலுள் அமைந்த கடிகாரம் ஒன்றே அதைக் கூவச் செய்கிறது என்று ஜப்பான் நாட்டு நகோயா பல்கலைக்கழகத்தார் 2013இல் ஆய்ந்து கூறினர். இதனை அறியாத காலத்திலேயே மாஸ்டர் மஷாய் ஒருநாள் வந்து, தமக்கு மூன்றரை மணிக்கே உறக்கம் கலைவதை நயமாய்ச் சொன்னார். பழைய கீறலை எண்ணி நாங்கள் நாணினோம். குமரனுக்கென்று தாழ்ந்த கூரையுடைய பெட்டி ஒன்று செய்து, இரவில் அதனுள் விட்டுக் கோணி போர்த்தினோம். கழுத்தை முழுதும் நிமிர்த்த இயலாவிடில் சேவலுக்குக் கூவல் எழாது. ஆறு மணிக்குப் பெட்டி திறக்கும். அதன்பின் அவன் விருப்பம். அவன் 'கொக்கரக்கோ' என்கிறான் என்று எங்கள் குழந்தைகளும், 'குக்குருகூ' என்கிறான் என்று எதிர்வீட்டுக் குழந்தைகளும் வழக்காடுவார்கள். அவ்வழக்கு இன்றுவரை தீரவில்லை.

இவ்வாறு நாட்கள் செல்ல, 2008ஆம் ஆண்டு பிறந்தது. ஜனவரி நடுவில் பீர்பூம் மாவட்டத்து மார்கிராமில் பறவைக் காய்ச்சல் உறுதியாயிற்று. சில வாரங்களில் அது மாநிலத்தின் பாதிக்கு மேற்பட்ட மாவட்டங்களுக்குப் பரவியது. நோய் கண்ட இடத்தைச் சுற்றிக் குறித்த எல்லைக்குள் உள்ள கோழி, வாத்து அனைத்தையும் அழிப்பதே அரசு மேற்கொண்ட முறை. 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட பறவைகள் அவ்வாண்டில் அழிக்கப்பட்டன. அவற்றுள் மிகப் பல ஏழைக் குடும்பத்தாரின் கொல்லைக் கோழிகள். எங்கள் தெற்குப் புறத்தில் பட்ஜ்பட்ஜ் வரை நோய் வந்துவிட்டது என்று செய்தி வந்த மாலையில், மாஸ்டர் மஷாயும் தெருவார் நால்வரும் எங்கள் திண்ணைக்கு வந்தனர். அவர் மகனுக்கு அப்போதுதான் மகள் பிறந்து இரண்டு மாதம்.

"மாஸிமா, இந்தக் கோழிகளை என்ன செய்வதாய் உத்தேசம்?" என்று அவர் கேட்டார். குரலில் கடுமை இல்லை, அச்சம் இருந்தது. எங்கள் பகுதி அழிப்பு எல்லைக்குள் வரவில்லை. சட்டம் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அண்டை வீட்டார்தாம் கேட்டனர்.

அப்பாயி மூன்று வாக்குகள் கொடுத்தார். கோழிகள் இன்றுமுதல் கூட்டைவிட்டு வெளிவாரா. ஒரு முட்டையும் வீட்டைவிட்டு வெளியே போகாது. ஒரு கோழி செத்தாலும் மறைக்காமல் அன்றே சொல்லிவிடுவோம். வந்தவர்கள் அதற்கு இசைந்து சென்றனர்.

ஒன்பது பறவைகளை ஒரு கூட்டில் பல வாரம் அடைத்துவைப்பது எளிதன்று. பழைய சண்டைச் சேவலாய் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே பெட்டைகளைக் குத்திக் குருதி காட்டியிருக்கும். குமரனோ இட்ட குருணையைக் காட்டிக் காட்டி அழைத்து, வலிய பெட்டை எளியதைத் துரத்தினால் நடுவே நின்று விலக்கி, கூட்டுக்குள்ளும் குடித்தனம் நடத்தினான். முகத்தில் துணி கட்டிக்கொண்டு நாள்தோறும் ஒவ்வொன்றின் கொண்டையையும் காலையும் நாங்கள் கையாலெடுத்துப் பார்த்தோம். அவன் தடை செய்யவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலையில் கரும்பெட்டை ஒன்று கூட்டின் மூலையில் இறந்து கிடந்தது.

அன்று எங்கள் வீட்டில் நிகழ்ந்ததை ஒளிவின்றி எழுதுகிறோம். இரவில் கொல்லையிலேயே புதைத்துவிடலாம் என்று எங்களுள் ஒருவர் அல்லர், மூவர் சொன்னோம். அது முதிய பெட்டை, எந்நோயாலும் இறந்திருக்கலாம். சொன்னால் அதிகாரிகள் வருவர். நோய் உறுதியானால் குமரன் உட்பட அனைத்தும் போகும். எங்கள் கோழிகளோடு சுற்றிலும் உள்ள ஏழைகளின் கோழிகளும் போகும். தெருவார் நம்மையே பழிப்பர். காரணங்கள் எங்களிடம் நிறைய இருந்தன. அப்பாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாக்குக் கொடுத்த வாய் இது. நாளைக்கு எதிர்வீட்டுப் பச்சைக் குழந்தை தும்மினாலும் நமக்குத் தூக்கம் வராது. போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றார். எண்பதை எட்டிக்கொண்டிருந்த அவருக்கு அக்கோழிகள் எவ்வளவு என்பதை அறிந்தவர்கள் நாங்கள். மறுமொழி சொல்ல வாய் எழவில்லை.

மாஸ்டர் மஷாயிடமே முதலில் சொன்னோம். அவர்தாம் உடன்வந்து உரிய இடத்தில் தெரிவிக்க உதவினார். பிற்பகலில் வெள்ளுடையும் முகமூடியும் கையுறையும் அணிந்த இருவர் வந்தனர். இறந்ததை உறையிலிட்டுக் கட்டியபின், எஞ்சியவற்றின் தொண்டையிலும் எச்சத்துளையிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கத் தொடங்கினர். பெட்டைகள் இறக்கை அடித்து அல்லோலகல்லோலம் செய்தன. குமரனின் முறை வந்ததும் அப்பாயியின் கைகளில் அசையாமல் அமர்ந்திருந்தான். அதுவே ஒரு விபரீதமாய் முடியப் பார்த்தது. "சேவல் ஏன் இப்படி அடங்கிக் கிடக்கிறது? சோர்வு கண்டிருக்கிறதோ?" என்று வந்தவருள் மூத்தவர் ஐயுற்றார். சோர்வு அந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று. எங்கள் நெஞ்சு துணுக்குற்றது.

அப்பாயி ஒன்றும் பேசவில்லை. குமரனைக் கீழே விட்டுக் கைப்பிடி குருணையைத் தூவினார். அவன் ஒருமுறை சிறகுதறி, 'டுக் டுக்' என்று அழைத்து, மிரண்டிருந்த ஏழு பெட்டைகளும் வந்து கொத்தும்வரை ஒரு மணியும் விழுங்காமல் நின்றான். பின்னர் நிமிர்ந்து, பகலென்றும் பாராமல் ஒரு கூவல் கூவினான். முகமூடிக்கு மேலே அம்முதியவரின் கண்கள் சிரித்ததைக் கண்டோம்.

ஒன்பது நாள் காத்திருந்தோம். பத்தாம் நாள், பறவைக் காய்ச்சல் இல்லை என்ற செய்தி வந்தது. அன்று மாலை மாஸ்டர் மஷாய் ஒரு பையோடு எங்கள் படியேறினார். உள்ளே இரண்டு சேர் குருணை. "குத் கொண்டுவந்தேன், மோரகுக்கு" என்றார். குருணையை வங்காளத்தில் 'குத்' என்றும், சேவலை 'மோரக்' என்றும் சொல்வார்கள். ஏழாண்டுக்கு முன் விழுந்த கீறல் அன்றுதான் ஆறியது என்று எங்களுக்குத் தோன்றிற்று. அவ்வாண்டில் நம் நாட்டில் மனிதர் எவருக்கும் அந்நோய் உறுதியாகவில்லை என்பதையும் பின்னர் அறிந்து மகிழ்ந்தோம்.

அதன்பின் மாலைதோறும் திண்ணையில் அவர் எங்களுக்கு ஆசிரியரானார். இந்நகரத்து ஆசியக் கழகத்தின் காட்சிச்சாலைக்கு 1841 முதல் காப்பாளராய் இருந்தவர் எட்வர்டு பிளைத் என்னும் ஆங்கிலேயர். வீட்டுக் கோழி இனங்கள் அனைத்தும் இந்தியக் காடுகளிலும் கீழைக் காடுகளிலும் வாழும் செங்காட்டுக் கோழியின் வழிவந்தவை என்பது அவர் கருத்து. அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த சார்லசு டார்வின், 1859இல் வெளிவந்த தம் நூலில் அக்கருத்தை அவர் பெயராலேயே எடுத்துக்காட்டினார். பெருமளவில் அது மெய்யே என்று இக்கால மரபணு ஆய்வுகளும் உரைக்கின்றன. ஆனால் மஞ்சள் நிறத் தோலுக்கும் காலுக்கும் உரிய மரபணு மட்டும் வேறிடத்திலிருந்து வந்தது. தென்னிந்தியாவின் சாம்பற் காட்டுக் கோழி அளித்தது அது. சுவீடன் நாட்டு அறிஞர் இதனை வெளியிட்ட ஆண்டும் 2008 தான். மாஸ்டர் மஷாய் குமரனின் மஞ்சட்காலைச் சுட்டிக்காட்டி, "கால் உங்கள் ஊருடையது, மாஸிமா" என்றார். அப்பாயி பெரிதும் மகிழ்ந்து, அதனை மாதக்கணக்கில் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

குமரன் 2011ஆம் ஆண்டு ஐப்பசியில் முதுமையால் இறந்தான். கொல்லைக் கொய்யாமரத்தடியில் புதைத்தோம். அடுத்த ஆண்டு அப்பாயியும் காலமானார். சுமந்து சென்றவர்களுள் ஒருவன் கன்னத்தில் சிறு தழும்புடைய எதிர்வீட்டு இளைஞன்.

இன்று எங்கள் கொல்லையில் உள்ளவன் குமரனின் ஐந்தாம் தலைமுறை. அன்பர்களுள் இடவசதி உள்ளோர் கோழி வளர்க்க விரும்பினால், சேவலின் அழகையும் உயரத்தையும் பாராமல் அதன் தந்தையின் குணத்தை விசாரித்து வாங்குங்கள். கொத்தும் சேவலின் முட்டையை அடைவைக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சலுக்குக் காலத்தில் தடுப்பூசி போடுங்கள். கூவலால் இன்னலுறும் அண்டை வீட்டார் வந்து சொல்வதற்கு முன்பே நீங்கள் போய்க் கேளுங்கள். ஒரு கோழி காரணமின்றி இறந்தால் மறைக்காதீர்கள். பிறிதோர் ஊரில் வந்து வாழும் நமக்கு அண்டை வீட்டாரின் நம்பிக்கையே வேலி.

எங்கள் இல்லத்திற்கு வரும் அன்பர்கள் இனிக் குடையை மடக்கியே வரலாம். ஒரு கைப்பிடி குருணை கொண்டுவந்தால் குமரனின் பேரப்பிள்ளை வாயிலுக்கே வந்து வரவேற்பான்.